காய்ச்சல் தின்ற கெண்டைக்கால்

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே இதைச் சொல்கிறேன். ஒரு கட்டு கிடக்கிறது, கதை முடிவதற்குள் ஆகிவிடும். அடுப்பில் சோறு வேகிறது, நேற்றுத்தான் காய்ச்சல் விட்ட என் மகள் உள்ளே தூங்குகிறாள்.

அந்தக் காலத்தில் மாடும் பேசும், மரமும் பேசும், நோயும் பேசும். காய்ச்சல் வாசலில் நின்று, "வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருமாம்.

கொளஞ்சி என்று ஒருத்தி. அவளுக்கு ஒரே மகள் அஞ்சுகம், நாலு வயது. கொளஞ்சி தண்ணீருக்குப் போயிருந்தபோது காய்ச்சல் வந்து கேட்டது. யாரோ சொந்தக்காரர் என்று பிள்ளை "வா" என்றுவிட்டது. குடத்தோடு திரும்பியவள் தொட்டுப் பார்த்தாள், உடம்பு அனலாகக் கொதித்தது.

பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு எட்டிப் பார்த்தாள். "அடியே, விருந்தாளிக்குச் சோறு போட்டா போவானா? எங்க நாத்தனார் வீட்டுக்காரரு ஆறு மாசமா போகல. பட்டினி போடு, தானா கிளம்பிடும்."

கொளஞ்சிக்கு அது சரியென்று பட்டது. மூன்று நாள் வெறும் தண்ணீர்தான் கொடுத்தாள்.

நாலாம் நாள் உச்சி வெயிலில் எதையோ மெல்லுகிற சத்தம் கேட்டது. பிள்ளையின் வாய் மூடியிருந்தது. சத்தம் போர்வைக்குள்ளிருந்து வந்தது. விலக்கினாள். இறுக்கமாக இருந்த கொலுசு கழன்று பாயில் கிடந்தது.

"யாரு மெல்லுறது?"

அஞ்சுகத்தின் உதடு அசையாமலே பதில் வந்தது. "நான்தான் அக்கா. நீ சோறு போடல. இவ கெண்டைக்கால் முடிஞ்சிடுச்சு. இனி தொடை."

"உன்னைத்தானே நான் பட்டினி போட்டேன்!"

"உள்ள உக்காந்திருக்கிறவன் எப்படிப் பட்டினி கிடப்பான்? நான் இருக்கிற உடம்புக்கு எப்பவும் திங்கிறதைவிட அதிகமா வேணும். எரியுற அடுப்புக்கு விறகு வேணாமா?"

கொளஞ்சி நொய்யரிசியும் பாசிப்பருப்பும் போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். சதை ருசி கண்ட காய்ச்சலுக்குக் கஞ்சி பிடிக்கவில்லை. உள்ளிருந்தே பிள்ளையின் நாக்கை நக்கிக் கசப்பாக்கியது. அஞ்சுகம் துப்பினாள். கொளஞ்சி விடவில்லை. ஒரு கரண்டி, கொஞ்சம் பொறுத்து இன்னொரு கரண்டி. "உனக்கும் சேர்த்துத்தான் ஊத்துறேன். குடிச்சிட்டுப் போ, பிள்ளையைத் தொடாதே."

இரண்டு நாளில் காய்ச்சலுக்கு அலுத்துப்போனது. "போறேன். ஆனா தின்னதைத் திருப்பித் தர மாட்டேன்."

"நீ தர வேணாம். நான் போட்டு நிரப்பிக்கிறேன்."

அன்று முதல்தான் காய்ச்சல் வந்தால் வாய் கசக்கிறது. விட்ட பிறகோ பிள்ளைகள் பசி பசி என்று பறக்கிறார்கள், நாமும் உடம்பு தேறும்வரை ஒரு வேளை கூடுதலாகப் போடுகிறோம். அந்தப் பசி பிள்ளையுடையதா, போகாமல் உள்ளேயே ஒளிந்திருக்கும் காய்ச்சலுடையதா, யாருக்கும் தெரியாது. கேட்டால் போட்டுவிட வேண்டியதுதான், கேட்பது யாராக இருந்தாலும்... இதோ வந்துட்டேன்டி, சோறு வெந்திடுச்சு, அழாதே, அம்மா இப்பவே போடுறேன்.