இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில்

“அம்மா, நீங்க சொல்றதெல்லாம் காத்துல போகுது” என்றார் ஏகாம்பரம்.

மரகதம்மாள் எருமையின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“போகட்டும். காத்துலதானே வந்துச்சு.”

ஏகாம்பரம் அதையும் எழுதிக்கொண்டார்.

தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வயது அறுபத்துமூன்று. குருவுக்கு நாற்பத்தைந்து. ஆரணிக்கு வெளியே, தகரக் கூரை போட்ட கொட்டகையில் நான்கு எருமைகளோடு இருந்தாள் அவள். விடிந்ததும் ஊர் ஜனங்கள் செம்பும் கையுமாகப் பாலுக்கு வருவார்கள். வந்த இடத்தில் மனசில் இருப்பதைக் கேட்பார்கள். அவள் கறந்துகொண்டே பதில் சொல்வாள். சில நாள் சொல்லவே மாட்டாள்.

ஒன்பது வருஷமாக ஏகாம்பரம் அங்கே நின்று எழுதிக்கொண்டிருந்தார். பதினோரு நோட்டு ஆகியிருந்தது.

“குரு பௌர்ணமிக்கு ஒரு சின்னப் புத்தகம் போடலாம்னு இருக்கேன். உத்தரவு வேணும்.”

“எருமைக்கு வைக்கோல் வேணும்” என்றாள் மரகதம்மாள்.

அவர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

*

கடைத்தெருவில் பிரஸ் வைத்திருந்தவள் ஃபிலோமினா. தாளைத் தொட்டே கனம் சொல்லக்கூடியவள். ஏகாம்பரம் கொண்டுவந்த கட்டை எண்ணிப் பார்த்தாள்.

“எட்டுக் கேள்வி, எட்டுப் பதில். பதினாறு பக்கம். முன்னட்டை, பின்னட்டை சேர்த்தா பதினெட்டு. முடியாது சார்.”

“ஏன்?”

“நடுவுல பின் அடிக்கிற புத்தகம் சார். ஒரு தாளை மடிச்சா நாலு பக்கம். அதனால நாலு நாலாத்தான் ஏறும். பதினாறு, இல்லன்னா இருபது. ரெண்டு பக்கம் குறைங்க, இல்ல ரெண்டு பக்கம் கூட்டுங்க.”

ஏகாம்பரம் கொட்டகைக்கு ஓடினார்.

“அம்மா, ரெண்டு பக்கத்துக்கு இன்னொரு உபதேசம் வேணும். அவசரம்.”

“மோர் குடிக்கிறீங்களா?” என்றாள்.

அவர் வெகுநேரம் யோசித்தார். இதற்குப் பொருத்தமான கேள்வி எந்த நோட்டிலும் இல்லை. கடைசியில் ஒரு கேள்வியை எடுத்துவிட்டு ஏழோடு நிறுத்தினார்.

ஆனால் அமைப்பில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. புத்தகத்தைத் திறந்தால் இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில். பக்கத்துக்கு நடுவில் இரண்டே வரி. சுற்றிலும் வெறுமை.

“பக்க எண் எங்க போடறது?” என்று கேட்டாள் ஃபிலோமினா.

“வேண்டாம்.”

“வேண்டாமா?”

“ஞானத்துக்கு ஏதும்மா நம்பர்?”

ஃபிலோமினா அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு மெஷினைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

*

முந்நூறு பிரதிகளும் அச்சாகிவிட்டன. ஆனால் அது கல்யாண சீசன். மடித்து அடுக்கும் இரண்டு பெண்களும் பத்திரிகை வேலையில் மூழ்கியிருந்தார்கள்.

“குருவோட சொல்லை என் கையாலயே அடுக்கறேன்” என்றார் ஏகாம்பரம். “அதுவும் ஒரு சேவைதான்.”

ஃபிலோமினா நான்கு குவியலாகத் தாள்களை வைத்தாள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருக வேண்டும். மேல்தாள், அதற்குள் இரண்டாவது, அதற்குள் மூன்றாவது, நடுவில் நான்காவது.

“முதல்ல ஒண்ணே ஒண்ணு அடுக்கி, தொடக்கத்துல இருந்து வாசிச்சுப் பாருங்க சார். அப்புறம் மத்ததைத் தொடுங்க.”

“எனக்கு எல்லாம் மனப்பாடம்மா.”

மின்விசிறிக்கு நேராக இருந்த குவியல்கள் படபடத்தன. ஏகாம்பரம் அவற்றைத் தள்ளி வைத்தார். தள்ளியதில் இரண்டாவது மூன்றாவதானது, மூன்றாவது இரண்டாவதானது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, குருவின் நாமத்தைச் சொல்லிக்கொண்டே முந்நூறையும் அடுக்கினார். ஃபிலோமினா பின் அடித்துக் கொடுத்தாள்.

பௌர்ணமியன்று வந்தவர்கள் எல்லோருக்கும் அவரே கையில் கொடுத்தார். ஒவ்வொருவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவருக்குத் தான் ஒரு சீடன் என்று தோன்றியது.

*

நான்காம் நாள் வேணு வந்தான். அண்ணனோடு வரப்புத் தகராறில் ஐந்து வருஷமாகக் கோர்ட்டுக்கு நடப்பவன். “யார் விட்டுக்கொடுக்கறது?” என்ற கேள்வி அவனுடையதுதான்.

“ஐயா, அம்மா சொன்னபடி செஞ்சுட்டேன்.”

“விட்டுக்கொடுத்துட்டியா?”

“இல்லீங்க. அழுதேன்.”

ஏகாம்பரத்துக்குப் புரியவில்லை. “ஏன் அழுதே?”

“புஸ்தகத்துல போட்டிருக்கே. ‘வெக்கப்படாம அழு. முடிஞ்சதும் முகத்தைக் கழுவு.’ அண்ணன் வீட்டு வாசல்ல போய் நின்னேன். அவன் கம்பை எடுத்துக்கிட்டு வந்தான். நான் அழ ஆரம்பிச்சேன். அவன் பயந்துட்டான். அண்ணி முகம் கழுவத் தண்ணி கொடுத்தாங்க. அப்படியே உக்காரவெச்சுக் கறிக்குழம்பும் போட்டாங்க. கேஸை வாபஸ் வாங்கப் போறோம்.”

ஏகாம்பரம் மனசுக்குள் நோட்டுகளைப் புரட்டினார். அந்தப் பதில் வேணுவுக்குச் சொன்னதில்லை. மனைவியைப் பறிகொடுத்த தபால்காரர் துரைக்கண்ணுவுக்குச் சொன்னது.

ஒரு பிரதியை எடுத்துப் பிரித்தார். முதல் ஜோடிப் பக்கம் தப்பு. இரண்டாவது தப்பு. மூன்றாவதும் தப்பு. ஏழில் ஆறு கேள்விகளுக்கு எதிரே வேறு யாருக்கோ சொன்ன பதில் நின்றது. நடுத்தாளில் இருந்த ஒன்று மட்டும் சரி.

சைக்கிளை எடுத்துக்கொண்டு துரைக்கண்ணு வீட்டுக்குப் பறந்தார்.

“என் பொஞ்சாதி எங்கே இருப்பா” என்று கேட்டிருந்தார் துரைக்கண்ணு. அதற்கு எதிரே இப்போது இருந்தது, ஒருவனுடைய எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு போனதற்குச் சொன்ன பதில்: ‘தேடி அலையாதே. பழகின இடத்துக்குத் தானா வரும். தொட்டியில் தண்ணி மட்டும் ரொப்பி வை.’

“என்னை மன்னிக்கணும்” என்று ஆரம்பித்தார் ஏகாம்பரம்.

துரைக்கண்ணு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆறு மாசமா அவ குடம் கவுந்தே கெடந்துச்சுங்க. நேத்து கழுவித் தண்ணி புடிச்சு வெச்சேன். வீட்டைப் பெருக்கினேன். ராத்திரி தூக்கம் வந்துச்சு. அம்மாவுக்கு எப்படித் தெரியுது பாருங்க.”

ஏகாம்பரம் கிளம்பப் பார்த்தார்.

“ஆனா ஒண்ணு” என்றார் துரைக்கண்ணு. “நடுப்பக்கத்துல ‘ஞானம்னா என்ன’ன்னு கேட்டிருக்கு. எதிர்ல ‘முதல்ல போய்ச் சாப்பிடு’ன்னு இருக்கு. கேள்வி ஒண்ணு, பதில் ஒண்ணா இருக்கே. அச்சுல ஏதோ தப்பு நடந்திருக்கு, பார்த்துச் சொல்லுங்க.”

*

மூன்று நாள் தெருத்தெருவாக அலைந்தும் ஏகாம்பரத்தால் பன்னிரண்டு பிரதிகளைத்தான் திரும்ப வாங்க முடிந்தது. மற்றவர்கள் கொடுக்க மறுத்துவிட்டார்கள். ஒருவர் பூஜை மாடத்தில் வைத்துப் பொட்டு வைத்திருந்தார்.

அந்தப் பன்னிரண்டையும், கடையில் வாங்கிய ஒரு பின் பிடுங்கியையும் பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். மரகதம்மாள் காலடியில் பையை வைத்தார். நடந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார்.

“ஒன்பது வருஷ உழைப்பு அம்மா. கெடுத்துட்டேன். இனிமே என்னை இங்க வர வேண்டாம்னு சொல்லிடுங்க. சொல்றதுக்கு முன்னாடி ஒரு உதவி. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் திருப்பிக் கொடுத்துடுவாங்க. ஒவ்வொரு பின்னா எடுத்து, திரும்ப அடுக்கி, சரி பண்ணிடுவேன்.”

மரகதம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு பிரதியை எடுத்தாள். நிதானமாகப் புரட்டினாள்.

“துரைக்கண்ணு தூங்கினாரா?”

“தூங்கினாராம்.”

“வேணு?”

“கறிக்குழம்பு சாப்பிட்டானாம்.”

“அப்புறம் எதைச் சரி பண்ணப் போறீங்க?”

“நீங்க அவங்களுக்குச் சொன்னது இது இல்லையேம்மா.”

அவள் எருமையைத் தட்டி நகர்த்தினாள்.

“உங்க கேள்வியையும் போட்டிருப்பீங்களே.”

ஏகாம்பரம் தலைகுனிந்தார். போட்டிருந்தார். பெயர் போடாமல் ‘ஓர் அன்பர்’ என்று போட்டிருந்தார். அதற்கு அவள் முன்பு சொன்ன பதில், ‘அந்தப் புல்லுக்கட்டை இப்படித் தள்ளுங்க’. அந்த ஒரு வரிக்கு மட்டும் அவர் இரண்டு நோட்டு விளக்கம் எழுதியிருந்தார். ஊரார் பதில்கள் எங்கெங்கே போயின என்று மூன்று நாளாக அலைந்தவர், தன்னுடையதைத் திருப்பிப் பார்க்கவேயில்லை.

“எடுங்க” என்றாள். “வாசிங்க.”

கடைசி ஜோடிப் பக்கத்தைத் திறந்தார். அவர் கேள்வி அங்கே இல்லை. ஒரு தாள் முன்னால் இருந்தது.

“‘ஒன்பது வருஷமா நீங்க சொன்னதை எல்லாம் சுமந்துக்கிட்டு இருக்கேன். எனக்கு ஏன் இன்னும் ஒண்ணும் நடக்கலை?’”

“எதிர்ப்பக்கம்?”

அது மீட்டர் ரீடர் அன்வர் பாஷாவுக்குச் சொன்னது. ஒன்றரை வயதாகியும் மகள் நடக்கவில்லையே என்று, அவளைத் தூக்கிக்கொண்டே வந்து கேட்டவர்.

ஏகாம்பரம் வாசிக்க ஆரம்பித்தார். முதல் சொல் முணுமுணுப்பாகத்தான் வந்தது.

“சத்தமா” என்றாள் மரகதம்மாள்.

“‘இடுப்பை விட்டு இறக்கி விடு. தானா நடக்கும்.’”