துள்ளனுக்குக் கிடைத்த காவல் வேலை

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் புள்ளிமான் கூட்டம் ஒன்று மேய்ந்து வந்தது. பிள்ளைகளே, அந்த மான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாம் தலை குனிந்து மேயும்போது ஒன்று மட்டும் நிமிர்ந்து காவல் நிற்கும். அது காலால் தரையைத் தட்டினால் அத்தனையும் ஓடிவிடும்.

அந்தக் கூட்டத்தில் துள்ளன் என்று ஓர் இளமான் இருந்தான். அப்போதுதான் கொம்பு முளைவிட்ட வயது. ஒரு கோடையில், ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போன அவன் தாயைச் செந்நாய்கள் அடித்துவிட்டன. அவன் கண்முன்னால் நடந்தது அது. பாவம், அன்றோடு அவன் துள்ளல் போயிற்று. சருகு விழுந்தாலும் காது விறைக்கும். எல்லாரும் படுத்துவிட்டால் அவன் மட்டும் எழுந்து நிற்பான்.

கூட்டத்தின் தலைவர் நெடுங்கொம்பர் பெருமைக்காரர். தாயை இழந்தும் இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு என்று காடு முழுக்கச் சொல்லி மெச்சினார். காவல் வேலையை அவனுக்கே கொடுத்துவிட்டார். மற்ற மான்களுக்குக் கொண்டாட்டம்தான்; முறை வைத்து நிற்கிற தொல்லை விட்டது. அவன் பேசாமலிருந்தால் அடக்கம் என்றன. தின்னாமலிருந்தால் கட்டுப்பாடு என்றன. இப்படியும் கண் இருந்தும் குருடாவார்களா?

மான்களின் முதுகில் உண்ணி பொறுக்கித் தின்னும் மைனா ஒருத்தி இருந்தாள். சரியான வாயாடி. அவள் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை. ஒருநாள் துள்ளன் முதுகில் உட்கார்ந்தவளுக்குத் திக்கென்றது. அவன் எலும்பு அவள் காலில் இடித்தது. தோல் நடுங்கிக்கொண்டே இருந்தது. என்னப்பா ஆயிற்று என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான். அவள் பறந்து போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து அவனே பேசினான்.

"இனி செந்நாய் வந்தால் மற்றவர்களுக்காகத் தரையைத் தட்டுவேன், மைனா. ஆனால் நான் ஓடமாட்டேன்."

மைனா பதறிப் பறந்தாள். நேரே தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் சிரித்தார். வயசுப் பிள்ளை அப்படித்தான் பேசுவான், போகப் போகச் சரியாகிவிடும் என்றார்.

சொல்லிப் பிரயோசனமில்லை என்று மைனாவுக்குப் புரிந்தது. வேறு வழியில் போனாள்.

"தலைவரே, துள்ளன் நிற்கிற மாதிரி உங்களால்கூட நிற்க முடியாதாமே? குரங்குகள் பேசிக்கொள்கின்றன."

பெருமைக்காரருக்கு அது பொறுக்குமா? மறுநாள் விடிந்ததும் அவரே காவலுக்கு வந்தார். துள்ளனைப் போலவே தின்னாமல், படுக்காமல் நின்றார். உச்சிப்பொழுதுக்குள் மூங்கில் உரசுவதெல்லாம் காலடி ஓசையாகக் கேட்டது. பொழுது சாயும்போது சருகில் ஓணான் ஒன்று ஓடியது. பதறிப்போய்த் தரையைத் தட்டிவிட்டார். கூட்டமே சிதறி ஓடியது.

நெஞ்சு படபடக்க நின்றார் நெடுங்கொம்பர். "ஒரு பகலுக்கே இப்படி என்றால், அந்தப் பிள்ளை கோடை முழுக்க எப்படி நின்றான்?"

"அவன் காவல் நிற்கவில்லை, தலைவரே. பயந்து நின்றான். நீங்கள் அந்தப் பயத்துக்குப் பதவி கொடுத்தீர்கள்" என்றாள் அவர் முதுகில் வந்து உட்கார்ந்த மைனா.

வெட்கமாக இருந்தது தலைவருக்கு. அன்றே எல்லாரும் முறை வைத்துக் காவல் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். துள்ளனைக் கூட்டத்தின் நடுவில் படுக்கவைத்தார்கள். அவனால் படுக்க முடியவில்லை; எழுந்து எழுந்து பார்த்தான். யாரும் அதட்டவில்லை. அவன் வயதுப் பெண்மான் ஒருத்தி பக்கத்தில் வந்து, உன் அம்மா எப்படி இருப்பாள் என்று கேட்டாள். அதுவரை அவனிடம் யாரும் கேட்காத கேள்வி அது. சொல்லத் தொடங்கியவன் தேம்பித் தேம்பி அழுதான். அழுது ஓய்ந்ததும் பசிக்கிறது என்றான்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சில நாள் தின்பான், சில நாள் ஒதுங்கிப் போவான். ஒதுங்கினால் யாராவது பின்னாலேயே போவார்கள்.

மழை தொடங்கியபோது செந்நாய்கள் மறுபடி வந்தன. காவல் மான் தரையைத் தட்டியது. கூட்டம் ஓடியது. துள்ளனும் ஓடினான்.

நீதி: ஒடுங்கிப்போன பிள்ளையைப் பொறுப்பான பிள்ளை என்று மெச்சி விட்டுவிடாதே, துயரம் முற்றும் முன்னே பக்கத்தில் போய் உட்கார்ந்து கேள்.