எழுதாமல் விட்ட மூன்று அழைப்புகள்

விஷ முறிவுத் தகவல் மையத்தில் தொலைபேசி எடுப்பவர் சவரிமுத்து. முப்பது வருஷம் கம்பவுண்டர். வயது அறுபத்தொன்று. அவருக்குக் குரு டாக்டர் தில்லைநாயகி. வயது முப்பத்தைந்து. அமைப்பு அப்படி.

ஆடி ஞாயிறு காலை. டாக்டர் நோட்டைப் புரட்டினார்.

"எத்தனை போன் அண்ணே?"

"ஏழு."

"நாலுதானே எழுதியிருக்கு?"

"பாக்கி மூணும் ஒண்ணுமில்லாத கேஸ் டாக்டரம்மா. ஒண்ணும் ஆகாததை எதுக்கு எழுதணும்?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வாயாலேயாவது சொல்லுங்க."

சவரிமுத்துவுக்கு எரிச்சல். சொன்னார்.

"ஒருத்தருக்குப் பேப்பர் எழுத்து மங்குதாம். கண்ணாடியை மாத்துங்கன்னேன்."

"ம்."

"ஒரு அம்மாவுக்கு நாக்கு வறளுதாம். தண்ணி குடிங்கன்னேன்."

"ம்."

"ஒரு பொண்ணு. மாமியார் சுவரோட பேசறாங்களாம். நீ பேசியிருந்தா அவங்க ஏன் சுவர்கிட்டப் போறாங்கன்னு..."

சிரிக்கப் போனவர் பாதியில் நின்றார். கண் மங்கல். நாக்கு வறட்சி. பிதற்றல். எத்தனை ஊமத்தை கேஸ் பார்த்தவர் அவர்!

"எந்த ஊர்?"

"கேக்கலை."

டாக்டர் போனை அவர் பக்கம் நகர்த்தினார்.

போனில் பதிந்திருந்த மூன்று எண்ணுக்கும் சவரிமுத்து கூப்பிட்டார். மூன்றும் ஆலம்பள்ளம். மூன்று வீட்டிலும் கம்பங்கூழ். கம்பு ஒரே கடையில் வாங்கியது. கடைசியாகப் பேசிய மருமகள் சொன்னாள்:

"கோயில் கூழுக்கும் அங்கதான் வாங்கினாங்க. பன்னெண்டு மணிக்கு ஊத்துவாங்க."

மணி பதினொன்றரை. ஊரே செம்போடு நிற்கும்.

தர்மகர்த்தா நம்பரை வாங்கிக் கூப்பிட்டார்.

"அண்டாவைத் தொடாதீங்க!"

"யாருய்யா நீ? ஆத்தா கூழ்ல விஷமா?"

"ஆத்தா மேல தப்பில்லைய்யா. கம்புல ஊமத்தை விதை கலந்திருக்கும் போல. மூணு வீட்ல ஆள் படுத்தாச்சு. மூட்டையைக் கொட்டிப் பாரும்!"

இன்னொரு போனில் டாக்டர் சுகாதார அதிகாரியைப் பிடித்தார். மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார்.

சாயங்காலம் தர்மகர்த்தாவே கூப்பிட்டார். மூட்டையில் விதை இருந்தது. கூழ் குழிக்குப் போயிற்று. மாமியார் தெளிந்து மருமகளோடு சண்டை போடுகிறாராம்.

"கோயில்ல ஒருத்தர்கூட வாயில வைக்கலைய்யா. நீர் நல்லாயிரும்."

சவரிமுத்து பெருமூச்சு விட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நோட்டை எடுத்து மூன்று அழைப்பையும் எழுதினார். அடுத்ததாகத் தர்மகர்த்தா பெயரை எழுதினார். பேனா நின்றது.

"ஊருக்கு ஒண்ணும் ஆகலையே டாக்டரம்மா. இதை என்னன்னு எழுதறது?"

"அப்படியே எழுதுங்க அண்ணே."