தூதன் வைத்த இடது கால்

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை வளவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். எதிரியின் வாளைக்கூட நேரில் பார்க்காத மகாவீரர். அவர் வாழ்வில் நடந்த ஒரே யுத்தம் அரண்மனைக் குளத்தில்தான். குளிக்கும்போது ஒரு பாம்பு காலில் கடித்துவிட்டது. கருடானந்தர் என்ற மந்திரவாதி வேப்பிலை அடித்தார், ராஜா பிழைத்தார். உடனே கருடானந்தருக்குத் தங்கக்காப்பும் சபையில் ஆசனமும் கிடைத்தன. எமனையே விரட்டிய கதையை ராஜா வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊரில் வெள்ளையம்மை என்றொரு வைத்தியச்சி இருந்தாள். ஜனங்கள் அவளிடமே போவது கருடானந்தருக்குப் பொறுக்கவில்லை. மந்திரமில்லாமல் பாம்புக்கடிக்கு வைத்தியம் பார்க்கிறாள் என்று அவளைச் சபைக்கு இழுத்துவரச் செய்தார். அவளுக்கோ வாய் சும்மா இருக்காது.

"மகாராசா, உங்களைக் கடிச்சது தண்ணிப்பாம்பு. அதுக்கு விஷமே கிடையாது. வேப்பிலை அடிக்காட்டியும் பிழைச்சிருப்பீங்க."

எமனை விரட்டிய வீரம் ஒரு நொடியில் நனைந்த பஞ்சாகிவிட்டதே! ராஜாவுக்கு முகம் சிவந்தது.

"ஏழே நாளில் நாட்டைவிட்டுப் போ! இனிப் பாம்பு கடித்தவர்கள் எல்லாரும் கருடானந்தரிடமே வர வேண்டும்!"

மந்திரி அறம்வளர்த்தான் மனதுக்குள் கணக்குப் போட்டார். அறுவடைக் காலம். வயலெல்லாம் எலி, எலிக்குப் பின்னால் பாம்பு. வெள்ளையம்மை போய்விட்டால் எத்தனை பேர் சாவார்களோ!

கருடானந்தரிடம் ஒரு வழக்கம் உண்டு. கடித்த பாம்பை அடித்துக் கொண்டுவரச் சொல்லி, முதலில் அதைப் பார்ப்பார். பிறகு சேதி கொண்டுவந்த தூதன் எந்தக் காலை முன்னால் வைத்து நிற்கிறான் என்று பார்ப்பார். அதன்பிறகுதான் ஆள் பிழைப்பானா மாட்டானா என்று சொல்வார். அவர் வாக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை.

ஆறாம் நாள் காவல்காரன் சுடலை ஒரு சாக்கோடு சபைக்குள் ஓடிவந்தான்.

"மகாராசா! மந்திரியாரைப் பாம்பு கடிச்சிருச்சு!"

பின்னாலேயே நாலு பேர் மந்திரியைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். அவர் முனகினார். கருடானந்தர் சாக்கைத் திறந்தார். செத்த சாரைப்பாம்பு, விஷமில்லாதது. அவர் முகம் மலர்ந்தது.

"ஆகா! தூதன் இடது காலை முன்வைத்து நிற்கிறான். உத்தமமான சகுனம்! மந்திரியார் நூறு வயது இருப்பார். எங்கே வேப்பிலை?"

சுடலை நின்ற இடத்தில் நின்றபடியே தலையைச் சொறிந்தான். "மன்னிக்கணும் சாமி. அது நேத்துக் களத்துல அடிச்சது. இன்னைக்கு அடிச்சது இதோ." மடியிலிருந்து ஒரு பையை எடுத்து உதறினான். விழுந்தது கொடிய விஷமுள்ள கண்ணாடிவிரியன்.

கருடானந்தருக்கு வியர்த்துக் கொட்டியது. "ஐயையோ! இடது காலா? மகா பாதகமான சகுனம்! இனி ஈசனே வந்தாலும் ஆகாது!"

மந்திரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "சாமி, அவன் வைத்த காலை இன்னும் எடுக்கவே இல்லை. அதற்குள் சகுனம் மாறிவிட்டதே! கால் அதேதான், பாம்பு மட்டும்தானே வேறு? மகாராஜா மன்னிக்க வேண்டும், என்னை எதுவும் கடிக்கவில்லை."

ராஜா விரியனைப் பார்த்தார், சாரையைப் பார்த்தார். கடைசியில் தன் காலைப் பார்த்துக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"நன்று கருடானந்தரே! உம் மந்திர சக்தியை வீணாக்கக் கூடாது. நாளை முதல் பாம்பு அடையும் அரண்மனை வைக்கோல்போரை நீரே பிரித்து அடுக்கும். கையில் கம்பு வேண்டாம், மந்திரம் போதும். மந்திரியாரே, அந்தத் தங்கக்காப்பு இனி உம்முடையது. வைத்தியச்சியைக் கூப்பிடுங்கள், போவதா இருப்பதா என்று அவளே சொல்லட்டும்."

வெள்ளையம்மை உள்ளே வந்ததுதான் தாமதம், கருடானந்தர் அவள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தாயே! ஊரைவிட்டுப் போயிடாதீங்க!"

"போகலை, எந்திரிங்க. எல்லாரையும் காப்பாத்திருவேன்னு நான் சொல்லமாட்டேன். கடிச்சா ஓடாதீங்க, காலை அசைக்காதீங்க. உடனே தூக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றாள் அவள். "தூக்கிட்டு வர்றவன் எந்தக் காலை முன்னால வச்சாலும் பரவாயில்லை."