இல்லாத முதலைக்குக் கொடுத்த வாக்கு

வரித்தலை வாத்துகள் பொய் சொல்வதில்லை. உத்தமர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றின் பிழைப்பு அப்படி. பனிமலைக்கு மேலே, மேகத்துக்குள் பறக்கும்போது, பின்னால் வருகிற வாத்து “வர்றேன்” என்று குரல் கொடுத்தால் அது வந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு வாத்து பொய் சொன்னால் மொத்தக் கூட்டமும் தடுமாறிப் போகும்.

குளிர்காலத்துக்குத் தெற்கே ஓர் ஏரிக்கு வந்திருந்த அப்படியொரு கூட்டத்தில் வரியாள் என்ற பெண் வாத்து இருந்தது. மாசி மாதம் ஒருநாள், கோரைப் புல்லில் சிக்கிக் கிடந்த கிழிந்த மீன்வலையில் அது தலையை விட்டுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னால் திரும்பியும் பார்க்க முடியவில்லை.

அப்போது பின்னால் தண்ணீர் சளக், சளக்கென்று அடித்தது.

“ஐயோ, முதலை வருது!” என்று ஒரு குரல் கேட்டது. மொழுக்கன் என்ற நீர்நாயின் குரல் அது. “வலையை நான் கடிச்சு விடறேன். ஆனா எனக்கு ஒரு வாக்குக் கொடு. இந்த ஏரியில தண்ணி இருக்கிற வரைக்கும் நீ என் வளைக்குக் காவல் இருக்கணும். சீக்கிரம் சொல்லு, கிட்ட வந்துடுச்சு!”

“இருக்கேன், இருக்கேன்! கடி!” என்று அலறியது வரியாள்.

மொழுக்கன் வலையைக் கடித்தது. தலையை வெளியே இழுத்த வரியாள், கோரைக்குள் கறுப்பாக எதுவோ மிதந்து மறைவதைப் பார்த்து, அது முதலைதான் என்று நம்பிவிட்டது.

அந்த ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. வாக்குக் கொடுத்தவர் தண்ணீரில் மூக்கை நனைத்து, சாட்சியின் முன்னால் அதை ஒருமுறை சொல்ல வேண்டும். சாட்சி எப்போதும் நாமக்கோழி என்ற நீர்ப்பறவைதான். நெற்றியில் வெள்ளை நாமம் இருப்பதால் தனக்குச் சட்டமெல்லாம் தெரியும் என்று அதற்கு ஒரு நினைப்பு. வரியாள் மூக்கை நனைத்தது, சொன்னது. “ஆச்சு!” என்றது நாமக்கோழி.

மாசி முடிந்து வெயில் ஏறியது. கூட்டம் வடக்கே கிளம்பிவிட்டது. வரியாளின் கணவன் நெடுஞ்சிறகன் மட்டும் நான்கு நாள் போகாமல் நின்றது.

“வா, நம்ம ஏரியில பனி உருகியிருக்கும். முட்டை வைக்க நேரமாச்சு” என்றது.

“வாக்குக் கொடுத்துட்டேனே! நீங்க போங்க. இந்த வெயில் உங்களுக்கு ஆகாது.”

“நீ இல்லாம எங்க போக?”

“போங்கன்னு சொல்றேன்ல!” என்று வரியாள் சிடுசிடுத்தது. தான் அழுதால் நெடுஞ்சிறகன் போகாது என்று வரியாளுக்குத் தெரியும்.

நெடுஞ்சிறகன் ஏரியை மூன்று முறை சுற்றிவிட்டு வடக்கே போனது. அன்றிலிருந்து வரியாள் வளை வாசலில் வடக்குப் பார்த்தே நின்றது. மனசெல்லாம் அந்தக் குளிர்ந்த ஏரிதான்.

ஒருநாள் நல்ல காற்று அடித்தது. கோரைக்குள்ளிருந்து அந்தக் கறுப்பு உருவம் வளையை நோக்கி வந்தது!

“முதலை! முதலை! எழுந்திரு!” என்று வரியாள் கத்தியது.

அரைத் தூக்கத்தில் இருந்த மொழுக்கனுக்கு எரிச்சல். “சும்மா கத்தாதே! இந்த ஏரியில ஏது முதலை? அது பனங்கட்டை. அன்னிக்கு நான்தானே தள்ளிக்கிட்டு வந்தேன்...”

சொன்ன பிறகுதான் அதற்கு முழுசாகத் தூக்கம் கலைந்தது.

வரியாள் நேராக நாமக்கோழியிடம் போனது. மொழுக்கனும் பின்னாலேயே ஓடியது.

“மூக்கை நனைச்சது நிஜம்தானே? வாக்குன்னா வாக்குதான்!” என்றது மொழுக்கன்.

நாமக்கோழி தலையை ஆட்டி ஆட்டி யோசித்தது. “முதலை இல்லைன்னு தெரிஞ்சிருந்தா இவ வாக்குக் கொடுத்திருப்பாளா?”

“எப்படிக் கொடுப்பா?” என்று உளறியது மொழுக்கன்.

“அப்போ அந்த வாக்கை வாங்கினது நீ இல்லே, உன் முதலை. அதைக் கூட்டிக்கிட்டு வா, காவல் கேட்கட்டும்! மூக்கு நனைஞ்சுதான்னு பார்த்த நான், முதலை இருக்கான்னு பார்க்கலை. தப்பு என் மேலயும்தான். வரியாளே, நீ போ. உன்னை எதுவும் கட்டாது.”

மொழுக்கன் உட்கார்ந்து அழுதது. “தூங்கிட்டிருந்த என் அண்ணனை ஊர் நாய்ங்க இழுத்துட்டுப் போச்சு. எனக்குக் கண்ணை மூடவே பயமா இருக்கு. அதான்...”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!” என்றது வரியாள். “நாங்க இங்க இருக்கிற மாசமெல்லாம் நாற்பது பேரும் முறை வச்சுக் காவல் நின்னிருப்போம்.”

அதற்கு மேல் அது நிற்கவில்லை. “வர்றேன்! வர்றேன்!” என்று ஆளில்லாத வானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே பறந்தது. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், ஓர் ஆற்று மணலிலிருந்து ஒற்றைக் குரல் கேட்டது. இளைத்துப்போய் நெடுஞ்சிறகன் நின்றிருந்தது.

“போயிருப்பீங்கன்னு நினைச்சேன்!”

“இதுக்கு மேல போக மனசு வரலை” என்றது நெடுஞ்சிறகன்.

அடுத்த கார்த்திகையில் கூட்டம் திரும்பி வந்தது. ஆனால் நடந்ததை வரியாள் சொல்லியிருந்ததால், மொழுக்கனின் வளையை விட்டு விலகி ஏரியின் அக்கரையில் இறங்கியது. மொழுக்கன் தினமும் பாதி ஏரி வரை நீந்தி வரும். காவலுக்கு வரச் சொல்லிக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறக்கும். தான் சொன்னால் இனி யார் நம்புவார்கள் என்று நினைத்துத் திரும்பிப் போய், வளைக்குள் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே படுக்கும்.

ஏமாற்றி வாங்கிய சம்மதம் யாரையும் கட்டாது; நேராகக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதையும் அது கிடைக்காமல் செய்துவிடும்.