ரசத்துக்கு நடந்த தேர்தல்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் சமையல் பித்துப் பிடித்த அரசர் ஒருவர் இருந்தார். அவருடைய விகடகவி வெண்காடனுக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்கவே இல்லை.

ஏரியின் மதகு அதிகாரியை ஊராரே தேர்ந்தெடுக்கலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். அதிகாரியாக இருந்தவர் அமைச்சர் மழவராயரின் மைத்துனர். தம் வயலுக்கு மட்டும் மதகைத் திறப்பார். கடைமடையில் பயிர் கருகியது, ஊரே திட்டியது. ஆனால் ஆண்டுதோறும், "இவரே இருக்கட்டுமா?" என்று அமைச்சர் கேட்டதும் அத்தனை கைகளும் உயர்ந்தன. இரண்டு நாளில் மறுபடியும் தேர்தல். திட்டிய ஊர் ஏன் கை தூக்குகிறது?

அன்று அரசர் தாமே வைத்த ரசத்தைச் சபைக்குப் பரிமாறினார். ஒரே உப்பு.

"நன்றாக இருக்கிறது என்பவர்கள் கை தூக்குங்கள்!"

சபையோர் இருபது பேரும் முதலில் அரசரின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு கை தூக்கினார்கள். வெண்காடனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவன் கை தூக்கவில்லை.

"பார்த்தீர்களா பிரபு, இவன் திமிரை! நாடு கடத்துங்கள்!" என்று துள்ளினார் மழவராயர்.

"அரசே, என் முறைப்படி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அப்போதும் ரசம் நன்று என்றால், மிச்சத்தையும் நானே குடித்துவிட்டு நாட்டைவிட்டுப் போகிறேன்."

ஆளுக்கொரு புளியங்கொட்டை, ஒரு வேப்பங்கொட்டை கொடுத்தான். நன்று என்றால் புளியங்கொட்டை, இல்லையென்றால் வேப்பங்கொட்டை. துணி மூடிய பானைக்குள் கைவிட்டுப் போட வேண்டும்.

முதலில் போட்டுவிட்டுத் திரும்பிய படைத்தலைவரின் மணிக்கட்டை மழவராயர் பிடித்தார். "கையில் மிச்சம் என்ன ஓய்? காட்டும்!"

படைத்தலைவர் விரல்களை இறுக மூடிக்கொண்டார். வெண்காடனோ குதித்தான். "அடடா, ஓட்டை அங்கேதான் இருக்கிறதா!"

மிச்ச விதையைப் போட இன்னொரு மூடிய பானை வந்தது. விழும் ஓசை காட்டிக்கொடுக்காதபடி இரண்டின் அடியிலும் மணல் பரப்பினான். முதலிலிருந்து தொடங்கினார்கள். அரசரும் போட்டார்.

முதல் பானையைக் கவிழ்த்தால், இருபத்திரண்டும் வேப்பங்கொட்டை!

மழவராயர் திகைத்தார். "நாங்கள் இருபது பேர், இவன் ஒருவன்... இன்னொன்று?"

"நான்தானய்யா! நானும் குடித்துப் பார்த்தேனே!" அரசர் கிரீடம் நழுவச் சிரித்தார். "அமைச்சரே, உம்முடையதும் இதில்தான் கிடக்கிறது. வெண்காடா, என்ன பரிசு வேண்டும்?"

"இந்த இரண்டு பானைகளையும் ஏரிக்கரைக்கு அனுப்புங்கள், அரசே."

அனுப்பினார். மைத்துனர் தோற்றார், கடைமடைக்குத் தண்ணீர் போனது. அன்றுமுதல் அந்நாட்டுச் சட்டத்தில் ஒரு வரி கூடியது: ஆளுக்கு இரண்டு விதை, விரும்பியது ஒரு பானையில், மிச்சம் மறு பானையில், இரண்டுக்கும் மூடி, அடியில் மணல், எவர் கையையும் எவரும் பார்க்கக் கூடாது.