அந்தரத்தில் நின்ற பஸ்ஸும் ஆறிப்போன சமோசாவும்

ஏமாங்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சுற்றுப்பட்டி ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பொறாமை, வேறென்ன? சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் கேட்டு நடக்கிற ஜனங்கள் இந்தக் காலத்தில் வேறு எங்கே இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

அந்த ஊர் வடிவாம்பாள் தியேட்டருக்குப் ‘பலசாலிக் குடும்பம்’ என்று ஒரு கார்ட்டூன் படம் வந்தது. அப்பா, அம்மா, மகள், ஒரு கைக்குழந்தை. நாலு பேரும் இறுக்கமான நீலச் சட்டை போட்டுக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றுகிறவர்கள். அப்பாவுக்கு யானை பலம். அம்மாவுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் தெரியும். இதெல்லாம் ஒரு சக்தியா, நம்ம தெருவில் எல்லாப் பொம்பளைக்கும் இருக்கிறதுதானே என்று போஸ்டரைப் பார்த்தே ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆனாலும் படத்துக்குப் போவது என்று முடிவாயிற்று.

இந்தப் படத்தை நம்பித்தான் கோட்டைச்சாமி தியேட்டர் கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். அதற்கு முன் அவன் தொட்ட தொழில் எதுவும் விளங்கவில்லை. குடை விற்றபோது, சரக்கை நனைய விடாதே என்று கம்பெனிக்காரர் சொன்னாராம். மழை பிடித்ததும் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு, வெயில் அடித்த பிறகுதான் திறந்தான். கடைசியில் அவன் பெண்டாட்டி மாரிக்கனி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரே ஒரு நாளாவது போட்ட சரக்கை விற்றுவிட்டு வெறும் தாம்பாளத்தோடு வந்து நில்லுங்கள், அப்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள். தியேட்டர் முதலாளி விசுவலிங்கமும், முதல் காட்சியிலேயே வியாபாரம் நடந்தாகணும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

பாவம், மனுசன் காலையிலிருந்து சமோசாவும் பஜ்ஜியுமாகப் போட்டு மலை மாதிரி குவித்துவிட்டான். உடைந்ததை ஜனங்களுக்கு விற்கக் கூடாது என்று அத்தனையையும் தானே தின்றும் விட்டான். பிறகு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இடைவேளை மணிக்காகக் காத்து நின்றான்.

‘குடும்பத்தோடு கண்டு களியுங்கள்’ என்று போஸ்டரில் போட்டிருந்ததால் ஒண்டிக்கட்டைகளை வாசலிலேயே மறித்துவிட்டார்கள். அவர்கள் போய் ஆளுக்கொரு மாமியாரை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார்கள். செல்போனில் சினிமா விமர்சனம் பேசுகிற பரஞ்சோதி, முதல் ஆளாகச் சொல்ல வேண்டும் என்பதால், படம் தொடங்குமுன்பே வாசலில் நின்று கண்ணீர் விட்டுப் படம் மனதைப் பிசைந்துவிட்டது என்று பேசி முடித்துவிட்டுத்தான் உள்ளே போனான். திரையில் ‘அமைதி காக்கவும்’ என்று வந்தது. அமைதி காக்கச் சொல்லி ஒருத்தரை ஒருத்தர் அதட்டியதில் முதல் பத்து நிமிட வசனம் யார் காதிலும் விழவில்லை.

மணி அடித்தது. கோட்டைச்சாமி கரண்டியும் கையுமாக நின்றான். ஒரு ஈ காக்காய் வெளியே வரவில்லை.

என்னடா இது என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. பாலத்திலிருந்து ஒரு பஸ் கவிழ்ந்து விழ, கீழே நின்ற அப்பா அதை அப்படியே தலைக்கு மேல் தாங்கிப் பிடிக்கிறார். சரியாக அந்த இடத்தில் படத்தை நிறுத்தி ‘இடைவேளை’ என்று போட்டுவிட்டார்கள். அப்பாவின் நெற்றி நரம்பு புடைத்து நின்றது. பஸ் ஜன்னலில் ஒரு அம்மாள் வாயைப் பிளந்தபடி அப்படியே இருந்தாள்.

அந்த ஊரில் எந்த வழக்கானாலும் தீர்ப்புச் சொல்கிறவர் பழைய தலையாரி ஒச்சப்பன். அவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

“அந்த மனுசன் பஸ்ஸத் தூக்கிட்டு நிக்காரு. நாம போயி பஜ்ஜி தின்னா உள்ள இறங்குமாய்யா?”

“அண்ணே, அது வரைஞ்ச பஸ்ஸு. கனம் இருக்காதே,” என்றான் கோட்டைச்சாமி.

“நமக்குக் கனம் இருக்காது. தூக்குறவரும் வரைஞ்ச ஆளுதானப்பா? வரைஞ்ச ஆளுக்கு வரைஞ்ச பஸ்ஸு கனக்கத்தான் செய்யும்.”

கோட்டைச்சாமி யோசித்துப் பார்த்தான். இதில் ஒரு ஓட்டையும் இல்லை. அதற்குப் பிறகு திரையைப் பார்த்தால் அவனுக்கே பஸ் கனமாகத்தான் தெரிந்தது.

போன மாசம் ஏமாங்குளத்து டவுன் பஸ்ஸே கண்மாய்க்குள் இறங்கியது உங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு ஊரே கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. கோட்டைச்சாமி கடலை வறுத்துக் கொண்டுபோய்க் கூவிக் கூவி விற்றான். உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தாங்களே ஏறிக் குதித்து வந்து ஆளுக்கொரு பொட்டலம் வாங்கினார்கள். அப்போது ஏன் யாரும் கை கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். அது நிஜ பஸ். நிஜ பஸ்ஸுக்குக் கவர்மெண்டு இருக்கிறது. இந்தப் பஸ்ஸுக்கு யார் இருக்கிறார்கள்?

கோட்டைச்சாமி மாடிப்படி ஏறி ஆபரேட்டர் சவரிமுத்துவிடம் ஓடினான். படத்தை ஓட்டு, அந்த மனுசன் பஸ்ஸை இறக்கி வைக்கட்டும், பிறகு நிதானமாக இடைவேளை விட்டுக்கொள்ளலாம் என்று கெஞ்சினான். சவரிமுத்து அசையவில்லை. ஜனங்கள் வெளியே போய்த் தின்றுவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்த பிறகுதான் படத்தைப் போட வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. கேன்டீன் நன்றாக ஓட வேண்டுமே என்றுதான் அவர் அப்படிச் சொன்னாராம்.

“தின்னுட்டாங்களா?” என்று கேட்டார் சவரிமுத்து.

“இல்லண்ணே.”

“அப்ப போட முடியாது.”

அவர்கள் தின்னாமல் படம் ஓடாது. படம் ஓடாமல் அவர்கள் தின்ன மாட்டார்கள். கோட்டைச்சாமிக்குச் சமோசாவைத் தாம்பாளத்தோடு உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று ஒரு நல்ல யோசனை தோன்றத்தான் செய்தது. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கதவு வரைக்கும் போனான். ‘தின்பண்டங்களை உள்ளே கொண்டு வரக் கூடாது’ என்று கதவில் போர்டு தொங்கியது. வெளியிலிருந்து யாரும் முறுக்கு கிறுக்கு கொண்டு வந்துவிடக் கூடாது என்று முந்தின நாள் அவனே எழுதி மாட்டிய போர்டு. படித்துப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்தான்.

உள்ளே கூட்டத்துக்குப் பசி எடுத்துவிட்டது. பிள்ளைகள் சிணுங்கின. இரவல் மாமியார்கள் தங்கள் இரவல் மருமகன்களைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஆனாலும் ஒருத்தர் நகரவில்லை. கடைசியில் ஒச்சப்பன்தான் ஒரு வழி சொன்னார். வாசலில் பேனர் கட்டிய சவுக்குக் கம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து, திரையில் பஸ்ஸின் அடிவயிற்றில் முட்டுக் கொடுப்பது. ஒருத்தர் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் போய்த் தின்றுவிட்டு வரலாம், அப்பாவுக்கும் கொஞ்சம் தோள் ஆறும்.

கம்பு வந்தது. யார் பிடிப்பது? எல்லோருக்கும் பசி. பசித்த வயிற்றோடு பிடித்தால் கை நடுங்கி பஸ் விழுந்துவிடும் என்றார் ஒச்சப்பன். வயிறு நிறைந்த ஆள் யாராவது இருந்தால் கையைத் தூக்கச் சொன்னார்.

காலையிலிருந்து உடைந்த சமோசாவாகத் தின்றுகொண்டிருந்தவன் கோட்டைச்சாமி ஒருத்தன்தான். அவன் கையைத் தூக்கினான். கூட்டம் கை தட்டியது. மகளோடு படம் பார்க்க வந்திருந்த மாரிக்கனியும் தட்டினாள். அதைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

திரைக்கு முன்னால் இருந்த மேடையில் ஏறிக் கம்பைப் பிடித்தான். கதவு திறந்தது. செருப்புச் சத்தம் கேன்டீன் பக்கமாகத் தடதடவென்று போனது. அடேயப்பா, அந்தச் சத்தத்தைக் கேட்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். இன்றைக்குத் தாம்பாளம் காலி. இன்றைக்கே மாரிக்கனி வீட்டுக்கு வந்துவிடுவாள். கம்பைப் பிடித்தபடியே பக்கத்தில் திரையில் நின்ற அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். நம்ம ரெண்டு பேருமே குடும்பத்துக்காகத்தானே அண்ணே பாடுபடுகிறோம் என்று மெதுவாகச் சொல்லவும் செய்தான்.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். கேன்டீனில் சரக்கு மலையாகக் கிடக்கிறதாம், விற்கத்தான் ஆள் இல்லையாம். கேட்காமல் எடுத்தால் திருட்டு. நின்று நின்று பார்த்துவிட்டுப் பட்டினியோடு வந்திருக்கிறார்கள். பரஞ்சோதி செல்போனை எடுத்து, முதல் பாதி அருமை, கேன்டீன்தான் மைனஸ் என்று அங்கேயே விமர்சனத்தை முடித்தான்.

கோட்டைச்சாமிக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை பிள்ளை குட்டிகள் பசியோடு நிற்க, ஒருத்தன் கடையைப் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போவானா?

மாரிக்கனி மேடைக்குக் கீழே வந்து நின்றாள்.

“நீங்களும் ஆம்பளைதான், அவனும் ஆம்பளைதான். நீங்க இங்க கம்பு புடிச்சு நிக்கீங்க. அவன் எங்க போனான்னே தெரியல. இப்படி ஒருத்தனுக்குக் குத்தகை குடுக்கலாமா, நீங்களே சொல்லுங்க.”

“குடுக்கவே கூடாது,” என்றான் கோட்டைச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு. “அவனைக் கட்டுனவ எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ.”

“பாவம், தாய் வீட்டுக்குப் போயிருப்பா,” என்றாள் மாரிக்கனி.

சத்தம் கேட்டு முதலாளி விசுவலிங்கம் வந்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்கும் கோபம் தலைக்கேறியது. ஆனால் தனியாக முடிவெடுத்தால் ஒருதலைப்பட்சம் என்று பேச்சு வரும். கேன்டீன்காரனை இந்த நிமிஷமே நீக்கிவிடலாம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

அரங்கம் முழுக்கக் கை எழும்பியது. விசுவலிங்கம் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு மேடைக்கு வந்தார். அங்கே கோட்டைச்சாமி இரண்டு கையாலும் கம்பைப் பிடித்தபடி தவித்துக்கொண்டிருந்தான்.

“ஏ மாரிக்கனி, ஓடியா. இந்தக் கம்ப ஒரு நிமிசம் புடி. என் ஒரு ஓட்டுக் குறைஞ்சு அந்தப் பய தப்பிச்சிரக் கூடாது.”